மின்தாள் பலகையில் தமிழ் நூல்கள்

கேள்வி: வேலூர்க் கோட்டைப் பூங்காவின் வெயிலிலும் கண் கூசாத ரீமார்க்கபிள் 2 மின்தாள் பலகையில் பாடக் குறிப்புகள் எழுதி வருகிறேன். தமிழ் மின்னூல்கள் படிக்க, ஆர்வலர்கள் உருவாக்கிய மென்பொருளை அதில் நிறுவலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: நிறுவலாம். அக்கருவி லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவதாலும், முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல் அதன் அமைப்புகளிலேயே தரப்பட்டிருப்பதாலும், யூஎஸ்பி வடத்தால் கணினியோடு இணைத்து, எஸ்எஸ்எச் (ஒரு கணினியிலிருந்து வேறொரு கருவிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக 10.11.99.1 என்ற முகவரியில் உள்ளே நுழைய முடியும். கோரீடர் என்னும் திறமூல மின்னூல் வாசிப்புச் செயலியை நிறுவி, அதன் எழுத்துருக் கோப்புறையில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்துவிட்டால், இபப் என்னும் வடிவிலான மின்னூல்களை வேண்டிய அளவிலும் வரி இடைவெளியிலும் படிக்கலாம். தமிழ் வாசகருக்கு இது பெரும் பேறு என்றே கருதுகிறேன். ஆயினும், இத்தகைய செயலிகளை நிறுவ உதவும், ஆர்வலர்கள் உருவாக்கிய டோல்டெக் மென்பொருள் தொகுப்பு குறிப்பிட்ட இயங்குதளப் பதிப்புகளை மட்டுமே ஆதரிப்பதால், பதிப்பெண்ணைச் சரிபார்க்காமல் நிறுவினால் கருவி தொடங்காமலே போகக்கூடும். குறிப்புகளை முதலில் கணினியில் நகலெடுங்கள். கடவுச்சொல்லையும் தாளில் எழுதி வையுங்கள்.