டெஸ்க்டாப் முழுக்க ஐகான்: எந்த மென்பொருள் வாங்கலாம்?

கேள்வி: ஈரோட்டில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறேன். கணினித் திரையில் இருநூறு ஐகானுக்கு மேல் கிடக்கிறது. டேலி, எக்செல், வாடிக்கையாளர்கள் அனுப்பிய பிடிஎஃப் எல்லாம் அங்கேதான். ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. நிரல்களைச் சட்டென்று திறக்கவும் திரையை ஒழுங்குபடுத்தவும் ஒரே மென்பொருளாகக் கிடைக்குமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. வேண்டியதைத் தேடித் திறப்பது ஒன்று. திரையில் குவிந்து கிடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி மென்பொருள்கள் உண்டு. ஒரே பெட்டியில் எல்லாம் தருகிறேன் என்பவை பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகச் செய்பவை. உங்கள் நிலைமைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

முதலில் திறக்கும் வேலை. தினமும் பயன்படும் ஐந்தாறு நிரல்களைத் திரையின் கீழ்ப்பட்டையான டாஸ்க்பாரில் நிலையாகப் பொருத்தி ("பின்" செய்து) விடுங்கள். விண்டோஸ் விசையை அழுத்தியபடி 1 என்றால் முதல் நிரல், 2 என்றால் இரண்டாவது, இப்படி 9 வரை திறக்கும். டேலி முதலில், எக்செல் இரண்டாவது என்று வரிசைப்படுத்தினால் இரண்டு நாளில் விரல் பழகிவிடும். மற்ற நிரல்களுக்கு விண்டோஸ் விசையைத் தட்டிவிட்டுப் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து என்டர் கொடுத்தால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: விசைப்பலகை தமிழில் இருந்தால் அடிக்கிற எழுத்து தமிழாக விழும், எதுவும் கிடைக்காது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "தேடல் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்த சிலருக்குக் காரணம் இதுவாகவே இருந்தது.

விண்டோஸின் சொந்தத் தேடலில் இணைய முடிவுகளும் கலந்து வந்து எரிச்சலூட்டினால், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். அதில் பவர்டாய்ஸ் ரன் என்ற லாஞ்சர், அதாவது பெயரை அடித்து நிரலைத் திறக்கும் கருவி, 2020-இல் சேர்ந்தது. அதற்கு அடுத்த தலைமுறையாகக் கமாண்ட் பேலட் 2025-இல் வந்தது. ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தினால் திரை நடுவில் ஒரு பெட்டி வரும். அதில் நிரல் பெயரை அடிக்கலாம், கணக்குப் போடலாம், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குத் தாவலாம். விசைச் சேர்க்கையை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். இன்னும் விரிவாக வேண்டுமென்றால் ஃப்ளோ லாஞ்சர் இருக்கிறது. அதுவும் இலவசம், திறந்த மூலம் (நிரல்வரிகளை யாரும் பார்க்கலாம்).

உங்கள் உண்மையான தேவை கோப்புத் தேடல் என்று தோன்றுகிறது. அதற்கு வாய்ட்டூல்ஸ் தரும் எவரிதிங் என்ற இலவச மென்பொருளை மனதாரப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் வகை வட்டு, தன்னிடம் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஒரு பட்டியலாகத் தானே வைத்திருக்கும். எவரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து தேடாமல் அந்தப் பட்டியலையே படித்துவிடுகிறது. அதனால் லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் நீங்கள் அடிக்க அடிக்க முடிவு வந்து நிற்கும். தமிழில் பெயரிட்ட கோப்புகளையும் தமிழில் அடித்துத் தேடலாம்.

ஆனால் அது வழக்கமாகத் தேடுவது பெயரைத்தான், உள்ளே இருப்பதை அல்ல. "ஸ்கேன்001" என்று கிடக்கும் பிடிஎஃப் யாருடையது என்று பெயரை வைத்து எந்த மென்பொருளுக்கும் தெரியாது. வாடிக்கையாளர் பெயர், நிதியாண்டு, ஆவண வகை, இந்த மூன்றும் கோப்புப் பெயரில் இருக்கட்டும். இந்தப் பழக்கத்தை அலுவலகத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டால் உங்கள் சிரமத்தில் பாதி போய்விடும்.

அப்புறம், கோப்புகளை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் உங்கள் பயனர் கணக்கில் உள்ள ஒரு ஃபோல்டர். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை ஃபார்மட் செய்தால் திரையில் இருந்த அத்தனையும் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் என் மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்தபோது, "டி டிரைவில் கை வைக்கவில்லை சார்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த இரண்டு மாத வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மற்றவர்களின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. கோப்புகளை சி அல்லாத டிரைவில் ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள், வெளி வட்டில் ஒரு நகல் வையுங்கள். டெஸ்க்டாப்பில் அவற்றைத் திறக்கும் ஷார்ட்கட் (கோப்பு அல்ல, அதற்கான இணைப்பு) மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: நான் ஓவிய ஆசிரியை. பெயரை அடித்துத் தேடுவது எனக்குச் சரிப்படவில்லை. கண்ணால் பார்த்தால்தான் எது எங்கே என்று நினைவு வரும். ஃபென்சஸ் மென்பொருளைத் தோழி காட்டினாள், பிடித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். இடத்தை வைத்து நினைவில் கொள்பவர்களிடம் "எல்லாவற்றையும் அடித்துத் தேடுங்கள்" என்று வற்புறுத்துவது நியாயமில்லை. அமெரிக்காவின் ஸ்டார்டாக் நிறுவனத்தின் ஃபென்சஸ், திரையைப் பாத்தி கட்டினாற்போல் பிரித்துத் தரும். வகுப்பறைப் பாடம் ஒரு கட்டத்தில், மாணவர் படங்கள் இன்னொன்றில் என்று வைக்கலாம். காலி இடத்தில் இரண்டு முறை கிளிக் செய்தால் ஐகான்கள் மறையும், மறுபடி செய்தால் வரும். புரொஜெக்டரில் பாடம் காட்டும் உங்களுக்கு இது ஒன்றே பெரிய வசதி. கட்டத்தைத் தலைப்பு மட்டும் தெரியும்படி சுருட்டி வைக்கவும் முடியும். மென்பொருளை நீக்கினாலும் கோப்புகள் டெஸ்க்டாப்பிலேயே இருக்கும், கட்டங்கள் மட்டும்தான் போகும்.

முதலில் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம் கழித்தும் கட்டங்கள் ஒழுங்காக இருக்கிறதா, இல்லை ஒரே கட்டத்தில் எல்லாம் குவிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் கட்டும் இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். ஆண்டுச் சந்தாவும் ஒரே தடவை கட்டும் உரிமமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், சந்தா விலை குறைவாகத் தெரியும். மூன்றாண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். இதுபோன்ற சிறு மென்பொருளுக்கு ஒரே தடவை உரிமம்தான் என் தேர்வு. எத்தனை கணினிக்குச் செல்லும், அடுத்த பெரிய பதிப்புக்கு மறுபடி காசு கட்ட வேண்டுமா என்று படித்துக்கொள்ளுங்கள். விலை டாலரில் இருந்தால் கார்டு வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கும்.

சந்தாவே எடுத்தால் ஒரு விஷயம். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகக் கழியும் கார்டு தொகைக்கு வங்கி குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே கழிந்துவிடும். அந்தத் தகவலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேண்டாமென்றால் அந்த 24 மணி நேரத்துக்குள் வங்கிச் செயலியிலேயே ரத்து செய்யலாம். எளிதாகச் சேர்த்துவிட்டு விலகும் வழியை ஒளித்து வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் "சந்தாப் பொறி" என்று வகைப்படுத்தித் தடுக்கின்றன. யாராவது அப்படிச் செய்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: திரைக்குக் கீழே அழகான ஐகான் வரிசை வரும் டாக் மென்பொருள் ஒன்றை இலவசத் தளத்திலிருந்து இறக்கினேன். அன்று முதல் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிவிட்டது. என்ன செய்வது?

பதில்: நிறுவும்போது "நெக்ஸ்ட்" அடித்துக்கொண்டே போனதில் கூட ஒட்டிக்கொண்டு வந்தது அது. செட்டிங்ஸில் நிறுவிய நிரல்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, அதே நாளில் நுழைந்த தெரியாதவற்றை நீக்குங்கள். பிரவுசர் நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்) பாருங்கள். விண்டோஸிலேயே உள்ள விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸுக்கான முழுச் சோதனை ஒன்று ஓட்டிவிடுங்கள்.

இனி எதை இறக்கினாலும் உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். கடைசிப் பதிப்பு எந்த ஆண்டு வந்தது என்றும் பாருங்கள். ஒரு காலத்தில் எல்லோரும் புகழ்ந்த லாஞ்சர்களும் டாக்குகளும் பல ஆண்டுகளாகப் பராமரிப்பே இல்லாமல் இன்னும் இறக்கக் கிடைக்கின்றன. விண்டோஸ் விஸ்டா, 7 காலத்தில் திரையோரம் கடிகாரம், வானிலை என்று கேட்ஜெட்டுகள் இருந்தது நினைவிருக்கும். பாதுகாப்புக் கோளாறு காரணமாக அவற்றை முடக்கிவிடும்படி மைக்ரோசாஃப்டே 2012-இல் சொன்னது. திரையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அந்தக் கவனத்தோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: மேக் வாங்கியிருக்கிறேன். ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் என்ற இரண்டு லாஞ்சர்களில் எது?

பதில்: ஒரு மாதம் இரண்டும் வேண்டாம். கமாண்ட், ஸ்பேஸ் அழுத்தினால் வரும் ஸ்பாட்லைட் தேடல் 2005 முதல் மேக்கிலேயே இருக்கிறது, நிரல் திறக்க அது போதும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ஸ்டேக்ஸ் என்பதைத் தேர்ந்தால் கோப்புகள் வகைவாரியாக அடுக்கப்படும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ரேகாஸ்டின் இலவசப் பதிப்பைப் பாருங்கள். சந்தாவே பிடிக்காது என்றால் ஆல்ஃபிரட். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம், பவர்பேக் என்ற கூடுதல் வசதிகளுக்கு மட்டும் ஒரே தடவைக் கட்டணம்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பார்வை மங்கல், ஆங்கிலம் படிக்க வராது. மடிக்கணினியில் வீடியோ கால், கோவில் நேரலை, புகைப்படங்கள், இவை மட்டும் போதும். முதியோருக்கான திரை மென்பொருள் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், அரை மணி நேரத்தில் நீங்களே செய்துவிடலாம். டெஸ்க்டாப்பில் உள்ளதையெல்லாம் வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். மூன்றே ஷார்ட்கட் வையுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகும். பின்னணியில் படம் எதுவும் வேண்டாம், ஒரே அடர்நிறம் போதும், எழுத்து எடுப்பாகத் தெரியும். இரண்டு கிளிக் செய்யக் கை நடுங்கினால், ஒரே கிளிக்கில் திறக்கும்படி ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அமைப்பில் மாற்றலாம்.

கடைசியாக, ஷார்ட்கட்டின் மேல் எஃப்2 அடித்துப் பெயரைத் தமிழில் மாற்றுங்கள். நிரலுக்கு எந்தப் பாதிப்பும் வராது. "வீடியோ கால்" என்றுகூட வேண்டாம், அம்மா என்ன சொல்வார்களோ அதையே எழுதுங்கள்: "பேத்தியோடு பேச", "கோவில்", "கல்யாண போட்டோ".