பார்ஸ்னிப் நாற்றின் வேரை எதில் நனைப்பது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். பீன்ஸ், பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் நன்றாக வரும். பெங்களூரில் மகன் வீட்டில் பார்ஸ்னிப் (கேரட் மாதிரியான வெளிர்நிறக் கிழங்கு) சாப்பிட்டுப் பிடித்துப்போய், போன வருஷம் ஒரு தட்டு நாற்று வாங்கி நட்டேன். இலை முழங்கால் உயரம் வந்தது. தோண்டினால் ஒரு கிழங்குகூட நேராக இல்லை. மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து, மேலெல்லாம் சல்லிவேர். நடும்போது வேர் அடிபட்டதுதான் காரணம் என்று உரக்கடைக்காரர் சொன்னார். இந்த முறை வேரை நனைத்து நட ஹ்யூமிக் அமிலப் பாட்டிலும் (வேர் வளர்ச்சிக்கு என்று விற்பது) வேர் ஊக்கியும் கொடுத்திருக்கிறார். புதுத் தட்டு திண்ணையில் இருக்கிறது, மூன்று இலை விட்டுவிட்டது. ஒரு லிட்டருக்கு எவ்வளவு கலக்க வேண்டும், எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும்? அந்த இடத்தில் முன்பு தக்காளி போட்டிருந்தோம், வேர்முடிச்சு நூற்புழுவாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: அம்மா, அந்தப் பாட்டில்களைத் திறக்காதீர்கள். சீல் உடையாமல் இருந்தால் பில்லோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மருந்துதான் நேர் எதிர். பார்ஸ்னிப்பில் நாம் சாப்பிடுவது அதன் ஆணிவேரை. அந்த வேரின் நுனி நசுங்கினாலோ, அறுந்தாலோ, இடமில்லாமல் மடங்கினாலோ, செடி பக்க வேர்களை எழுப்பி அவற்றில் உணவைச் சேர்க்கும். உங்களுக்குக் கிடைத்த மூன்று கால், நான்கு கால் கிழங்கு அப்படி வந்ததுதான். வேர் ஊக்கி என்ன செய்யும்? பக்க வேர்களை இன்னும் அதிகமாக்கும். தக்காளி, மிளகாய் நாற்றுக்கு அது நல்லது, அங்கே நமக்கு வேண்டியது நிறைய வேர். இங்கே நமக்கு வேண்டியது ஒரே வேர்.

நூற்புழு பயத்துக்கு ஒரு சின்னச் சோதனை போதும். அந்த இடத்தில் இப்போது நிற்கும் தக்காளியோ வெண்டையோ ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். மெல்லிய வேர்களில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு உண்டு. அப்படியானால் நூற்புழுவைக் குறைக்க இந்த வருஷம் அந்தப் பாத்தியில் நெருக்கமாகச் செண்டுமல்லி போடுங்கள், கிழங்குப் பயிரை வேறு பாத்திக்கு மாற்றுங்கள். முடிச்சு இல்லையென்றால் அந்தக் கவலையை விடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் நாற்று வளர்த்த குழித்தட்டின் மேல்தான்.

எந்த அளவில் நனைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ஸ்னிப்பை ஏன் நாற்றாக வாங்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஓசூர் வட்டாரத்து நர்சரிக்காரர்களுக்குத் தக்காளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், செண்டுமல்லி நாற்று விடுவதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேரட்டையும் முள்ளங்கியையும் பார்ஸ்னிப்பையும் குழித்தட்டில் விட்டு விற்பது வியாபாரம் மட்டும்தான். தட்டின் குழி இரண்டு அங்குல ஆழம்கூட இருக்காது. பார்ஸ்னிப் விதை மேலே இலை காட்டுவதற்கு முன்பே கீழே வேரை ஓடவிடும். மூன்று இலை வந்த நாற்று என்றால் அதன் ஆணிவேர் எப்போதோ குழியின் அடியைத் தொட்டு, காற்றில் காய்ந்தோ வளைந்தோ போயிருக்கும். உங்கள் கைக்கு வரும் முன்பே கெட்டுப்போன கிழங்கு அது. நீங்கள் எவ்வளவு பதமாக நட்டாலும் நேராகாது. வாங்குபவருக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் விற்றவர் அடுத்த தட்டை விற்றிருப்பார். பீட்ரூட் மட்டும் நாற்று நட்டாலும் பிழைத்துக்கொள்ளும், அதில் பருப்பது மேல்பகுதி என்பதால்.

நாற்றாகத்தான் வேண்டும் என்று நினைத்தால் ஒரு வழி இருக்கிறது. பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஆறு அங்குல உயரக் குழாய் செய்து, சலித்த மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, நெருக்கமாக நிறுத்தி வைத்து, குழாய்க்கு இரண்டு விதை போடுங்கள். இரண்டு வித்திலையும் (முளைத்ததும் வரும் முதல் இலைகள்) விரிந்தவுடன், அடுத்த இலைக்குக் காத்திருக்காமல், குழாயோடு மண்ணில் இறக்கிவிடுங்கள். காகிதத்தின் மேல் விளிம்பு மண்ணுக்குள் மறைய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டு, வேர்ப்பகுதியைக் காய வைத்துவிடும்.

ஆனால் நேரடியாக விதைப்பதுதான் என் பேச்சு. அதற்கு முதலில் விதை நன்றாக இருக்க வேண்டும். பார்ஸ்னிப் விதைக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு வருஷத்தைத் தாண்டினால் முளைப்பு சரசரவென்று இறங்கிவிடும். தக்காளி விதைபோல மூன்று நான்கு வருஷம் டப்பாவில் வைத்திருக்க முடியாது. இது தெரிந்தும் பெரிய டின்னைப் பிரித்து, தேதியில்லாத சின்னக் கவர்களில் அடைத்து, ‘இங்கிலீஷ் காய்கறி விதை’ என்று விற்கிற கடைகள் இருக்கின்றன. பரிசோதனைத் தேதியும் முளைப்புத் திறனும் அச்சிட்ட லேபிள் இல்லாத கவரைக் கையால் தொடாதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும். வீட்டிலேயே விதை எடுக்கலாமே என்று தோன்றும். இது ஈராண்டுப் பயிர், நல்ல கடுங்குளிர் பட்டால்தான் பூக்கும், நம் ஊர்க் குளிரை நம்பி அதில் இறங்க முடியாது. அதனால் வருஷா வருஷம் புது விதைதான்.

வாங்கியதும் இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து, தண்ணீர்ப் பானையின் அடியில் வையுங்கள். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று வீசிவிடாதீர்கள், மூன்று வாரம்வரை பொறுக்க வேண்டும். பாதிக்கு மேல் முளைத்தால் விதை நல்லது. மிச்சத்தையும் இதே மாதிரி முளைகட்டி, வெள்ளை முனை எட்டிப் பார்க்கும்போது விதைத்துவிடுங்கள். முனை நீண்டுவிட்டால் அதுவும் அறுந்து, பழைய கதைதான்.

மண்ணுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் சரளைக்கல் உண்டு. முழுத் தோட்டத்தையும் சலிக்க முடியாது, தேவையும் இல்லை. கடப்பாரையை ஒன்றேகால் அடி இறக்கி, வட்டமாக ஆட்டி, மேலே அகலமாகவும் கீழே கூராகவும் குழி எடுங்கள். அரை அடிக்கு ஒரு குழி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. குழியில் சலித்த செம்மண், மணல், நன்றாக மக்கிய பழைய தொழுவுரம் மூன்றும் கலந்து நிரப்புங்கள். கையில் எடுத்தால் சாண வாடையே வரக் கூடாது. பச்சைச் சாணம் போட்ட இடத்தில் நேரடியாக விதைத்தாலும் கிழங்கு கிளைக்கும், மேலே சல்லிவேரும் வரும். குழிக்கு மூன்று முளைவிதை, அரை அங்குல ஆழம். முளைத்த பின் ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும்.

விதை தட்டையாக, தாள் துண்டு மாதிரி லேசாக இருக்கும். காற்றடிக்கும் மாலையில் விதைக்காதீர்கள். மழை பெய்து வெயில் அடித்தால் செம்மண் மேலே பொருக்குக் கட்டும், அதை முட்டிக்கொண்டு வர இந்த முளைக்குத் தெம்பு கிடையாது. வரிசையோடு சேர்த்து முள்ளங்கி விதை கொஞ்சம் தூவிவிடுங்கள். அது ஒரு வாரத்துக்குள் முளைத்துப் பொருக்கை உடைக்கும், களை எடுக்கும்போது வரிசை எது என்றும் காட்டும், பார்ஸ்னிப் பருக்கும் முன்பே சாம்பாருக்கும் ஆகிவிடும்.

பருவம் ஐப்பசிதான். மண் சூடாக இருந்தால் முளைக்காது. ஐப்பசியில் விதைத்தால் மார்கழி, தை குளிரில் கிழங்கு பிடித்து, மாசி கடைசியில் தோண்டலாம். தருமபுரி, பென்னாகரம் சமவெளியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம், அந்தச் சூட்டுக்கு முள்ளங்கி போதும். வத்தல்மலை மேல் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். தண்ணீர் ஒரே சீராக விடுங்கள், காயவிட்டுப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் வளரும். உங்களுக்கு முழங்கால் உயர இலை வந்ததே, அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இதை உங்கள் நர்சரியில் சொல்லியிருக்க மாட்டார்கள்: பார்ஸ்னிப் இலை, தண்டின் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம்போலக் கொப்புளம் வரும், ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, வெயில் சாய்ந்த பிறகு வேலை செய்யுங்கள். சாறு பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தைத் துணியால் மூடுங்கள். இலை கொத்தமல்லிக் குடும்பம்தான் என்று குழம்பில் கிள்ளிப் போடவும் வேண்டாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடவும் வேண்டாம். குழந்தைகளைப் பாத்தி பக்கம் விடாதீர்கள்.

மகன் வீட்டில் சாப்பிட்ட இனிப்பு இதில் வருமா என்று நினைப்பீர்கள். குளிர்நாடுகளில் உறைபனி பட்ட பிறகுதான் தோண்டுவார்கள், அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இங்கே அதற்கு ஃபிரிட்ஜ்தான். தோண்டியதும் இலையை நறுக்கிவிட்டு, ஈரத்துணி சுற்றி இரண்டு வாரம் வைத்துப் பிறகு சமையுங்கள்.

திண்ணையில் இருக்கும் தட்டை என்ன செய்வது? காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராவிட்டால் வேலி ஓரம் நட்டுவிடுங்கள். கால் பிரிந்த கிழங்கும் சாப்பிட நல்லதுதான், தோல் சீவுவதுதான் சிரமம். சூப்புக்கு வெட்டிப் போடலாம். நல்ல பாத்தியை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள், அங்கே இந்த வாரமே கடப்பாரையை இறக்குங்கள்.