காமா கதிர் பட்டால் பாலிஅனிலீனின் கடத்துதிறன் கூடுமா, குறையுமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்றிய பாலிஅனிலீன் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) படலங்களை கோபால்ட்-60 காமா அறையில் 50 கிலோகிரே டோஸ் (உறிஞ்சும் கதிரின் அளவு) வரை வைக்கப்போகிறேன். சில கட்டுரைகளில் கடத்துதிறன் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே நடக்கும். காமா கதிர் பட்ட பாலிமரில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு எளிதில் வினைபுரியும் துண்டுகள், உண்டாகின்றன. அவை சங்கிலியை அறுக்கும், பக்கத்துச் சங்கிலியோடு முடிச்சுப் போடும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இரட்டைப் பிணைப்புத் தொடரைக் கெடுக்கும். மின்னூட்டம் நகர்வதே அந்தத் தொடரில்தான். அது கெட்டால் கடத்துதிறன் விழும்.

அப்புறம் எப்படிக் கூடுகிறது? அமிலம் ஏற்றாத நீலநிறப் பாலிஅனிலீனைப் பிவிசியோடு கலந்து மெல்லிய படலமாக வார்த்துக் கதிரில் வையுங்கள். உள்ளே போகும்போது நீலம். போதிய டோஸ் வாங்கி வெளியே வரும்போது பச்சை. கதிர் பட்ட பிவிசி விடுகிற ஹைட்ரஜன் குளோரைடைப் பாலிஅனிலீன் வாங்கிக்கொண்டு கடத்தும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆகவே எந்தக் கட்டுரையைப் படித்தாலும் படலம் தனியா கலவையா, அமிலம் ஏற்றியதா, காற்றில் வைத்தார்களா நைட்ரஜனிலா என்று முதலில் பாருங்கள். இவற்றைச் சொல்லாத கட்டுரையோடு உங்கள் எண்களை ஒப்பிட வேண்டாம்.

மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகக் கொடுப்பது 25 கிலோகிரே. நீங்கள் கொடுப்பது அதன் இரு மடங்கு. ஆனாலும் பென்சீன் வளையம் உள்ள பாலிமர்கள் பொதுவாகக் கதிரை நன்றாகத் தாங்கும். அதனால் மாற்றம் சிறியதாகவே இருக்கலாம், அங்கேதான் ஏமாறுவோம். காமா அறைக்குள் கொஞ்சம் சூடேறும். சூட்டில் படலத்தின் ஈரமும் சிறிது அமிலமும் வெளியேறினாலே கடத்துதிறன் இறங்கும். பழி கதிர்மேல் விழும். ஒரே படலத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கதிர் படாமல் அதே வெப்பநிலையில், அதே மாதிரிக் குப்பியில், அதே நேரம் வைத்திருங்கள். இந்தப் பாதி இல்லாமல் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

சாதாரணக் கண்ணாடிக் குப்பி பழுப்பேறி வரும். அது கண்ணாடியில் நேர்ந்த மாற்றம், படலம் கருகிவிட்டதென்று பயப்படாதீர்கள். டெஃப்லான் டேப் வேண்டாம். கதிரில் அது மிகச் சீக்கிரம் நொறுங்கிவிடும். அறைக்குள் உண்டாகும் ஓசோனும் படலத்தைத் தாக்கும் என்பதால் குப்பிக்குள் நைட்ரஜன் நிரப்பி மூடுங்கள்.

டோஸ் வேகம் (ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் டோஸ்) எந்தத் தேதியில் அளந்தது என்றும் கேளுங்கள். கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. அதை அளந்த சான்றிதழ் 3 ஆண்டு பழையதென்றால் வேகம் 67 சதவீதமாகக் குறைந்திருக்கும். அதே டோஸுக்கு ஒன்றரை மடங்கு நேரம் வைக்க வேண்டும். காற்றில் வைப்பதானால் வேகத்தையும் அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கொடுத்தால் ஆக்சிஜன் உள்ளே ஊறப் போதிய நேரம் கிடைத்து, அதே டோஸில் சேதம் கூடும்.

வெளியே எடுத்த அன்றே நான்கு முனை முறையில் (இரண்டு முனைகளில் மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பது) கடத்துதிறனை அளந்துவிடுங்கள். சிக்கிக்கொண்ட ராடிக்கல்கள் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து இரண்டு பாதிகளையும் மறுபடி அளந்து பாருங்கள்.