ஓகஸ்ட் விடுமுறையில் எந்த நீர்வீழ்ச்சிக்குப் போகலாம்?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு வாகனத்தில் மலைநாட்டுக்குப் போக இருக்கிறோம். தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை. இங்கே கிணறே அடி தெரியக் கிடக்கும் நேரத்தில் அங்கே தண்ணீர் இருக்குமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: மலைநாட்டில் தண்ணீர் இருக்கும். ஆனால் தியலுமவை இந்த முறை விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அந்தக் கணக்கு மலைநாடு முழுவதற்கும் சரிவராது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாகக் கிழக்கே இறங்கும். அதனால் ஓகஸ்டில் மேற்குப் பக்கத்து இறம்பொடை, டெவோன் அருவிகள் நிறைந்து விழும். கிழக்கே ஊவாப் பக்கத்துத் தியலுமவின் 220 மீற்றர் பாறையில் மெல்லிய கோடுதான் தெரியும். அதற்கும் பதுளை துன்ஹிந்த அருவிக்கும் நமக்கு மழை தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்று வரவேண்டும். மார்கழிக் கடைசி, தை மாதம் நல்லது.

ஏ9 வீதியால் கண்டிக்கே 320 கிலோமீற்றர் அளவில் வரும். முதல் நாள் அதோடு நிறுத்துங்கள். மறுநாள் விடியக் கிளம்பி, கம்பளை, புசல்லாவை வழியாக இறம்பொடை. 109 மீற்றர் அருவி, வீதியிலேயே பார்க்கலாம். பக்கத்தில் ஆஞ்சநேயர் கோவிலும் இருக்கிறது. அப்புறம் நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை. கூகுள் ரதல்ல குறுக்கு வீதியைக் காட்டினால் போகவேண்டாம், பயங்கர இறக்கம். பிரதான வீதியே போதும். தலவாக்கலையைத் தாண்டியதும் சென் கிளேயர் அருவி, சற்றுத் தள்ளி 97 மீற்றர் டெவோன். மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபின் சென் கிளேயருக்குப் பகலில்தான் தண்ணீர் விடுகிறார்கள். பொழுதுசாய்ந்து போனால் ஏமாற்றம்தான். திரும்பும்போது வந்த வழியே ஏறத் தேவையில்லை: ஹற்றன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி ஊடாகக் கம்பளைக்கு வந்துவிடலாம்.

சாரதி விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம்முடைய சமதரை வீதிகளில் எத்தனை வருடம் ஓடியிருந்தாலும் மலை இறக்கம் வேறு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். தாழ்ந்த கியரில்தான் இறங்கவேண்டும். 2025 மே மாதம் இறம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தது இதே வீதியில்தான். இரவோட்டம் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளை அருவியின் அடியில் இறக்காதீர்கள். கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகியவர்களுக்கும் இது புதிய தண்ணீர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அந்தக் கணமே கரையேறுங்கள். பாசி பிடித்த பாறையில் இறப்பர் செருப்பு நிற்காது.

2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களில் சரித்துவிட்டது. கிளம்பும் முன் வீதி நிலையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117இல் கேட்டுக்கொள்ளுங்கள்.