விடியலுக்கு முன் எழுப்பும் முதுகுவலி
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒன்றரை ஆண்டுகளாக, விடியற்காலை மூன்று அல்லது நான்கு மணி அளவில் முதுகும் இரு விலாப்பக்கமும் இறுகி வலித்து விழிப்பு வந்துவிடுகிறது. புரண்டு படுப்பதற்கே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுந்து வீட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தால் குறைகிறது. பகலில் பெரும்பாலும் வலி இல்லை. சிறுநீரகக் கல்லாக இருக்குமோ என்று இரண்டு முறை ஸ்கேன் எடுத்தேன். சிறுநீர்ப் பரிசோதனை, முதுகு எக்ஸ்ரே எல்லாமே ‘நார்மல்’. மெத்தையை மாற்றினேன். வாயுப்பிடிப்பு என்றார்கள்; பூண்டுப் பால் குடித்தேன். சுளுக்கு வழிப்பவரிடமும் போய் வந்தேன். ‘ஒன்றுமில்லாததற்கு ஏன் இப்படி அலைகிறாய்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். இது மனதில் உள்ள கோளாறுதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, ‘அரை மணி நேரம் நடந்தால் குறைகிறது’ என்பதுதான். முதுகுவலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள்: குனிந்து நிமிர்ந்தால் வலிக்கிறது, படுத்தால் ஆறுகிறது என்பார்கள். தசைப்பிடிப்பும் சவ்வுத் தேய்மானமும் பொதுவாக அப்படித்தான் இருக்கும். ஓய்வில் வளர்ந்து அசைவில் தணிகிற வலியை மருத்துவத்தில் ‘அழற்சி முதுகுவலி’ என்று தனியே பிரித்து வைத்திருக்கிறோம். 2009ஆம் ஆண்டு பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தது. 40 வயதுக்கு முன் தொடங்கியிருத்தல், இன்ன நாளில் வந்தது என்று சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல வந்திருத்தல், உடற்பயிற்சியால் குறைதல், ஓய்வால் குறையாதிருத்தல், இரவில் வந்து எழுந்தபின் தணிதல் ஆகிய இவற்றில் குறைந்தது நான்கு இருந்தால், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை இந்த வகையில் சந்தேகிக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதில் நான்கு தெளிவாகவே தெரிகின்றன. இதை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதுவரை நீங்கள் செய்துகொண்ட பரிசோதனைகள் இந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

விலாப்பக்கம் வலித்ததால் உங்கள் எண்ணம் சிறுநீரகத்தின் பக்கம் போனது இயல்பே. கல் நகரும்போது வரும் வலி அலை அலையாக எழும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கித் தொடை இடுக்கு வரை இறங்கும், குமட்டும், நடந்தாலும் நிம்மதி தராது. அது ஒன்றரை ஆண்டு காலம், கடிகாரம் வைத்தாற்போல் அதே நேரத்தில் இரு பக்கமும் வந்து, அரை மணி நடையில் விலகிப் போகாது. ஒவ்வொரு விலா எலும்பும் பின்புறத்தில் முதுகெலும்போடு சிறு மூட்டுகளால் இணைந்திருக்கிறது என்பதையும், முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி இந்த மூட்டுகளையும் தாக்கும் என்பதையும் நினைவில் கொண்டால், உங்கள் விலா வலிக்கும் முதுகுவலிக்கும் தனித்தனிக் காரணம் தேட வேண்டிய தேவை இருக்காது. ஆழ்ந்து மூச்சிழுக்கும்போதோ தும்மும்போதோ விலாவில் குத்துகிறதா என்று கவனியுங்கள். தையற்காரரின் அளவு நாடாவை மார்பைச் சுற்றி வைத்து, மூச்சை முழுவதும் விட்டபின் ஒரு முறையும் முழுவதும் இழுத்தபின் ஒரு முறையும் யாரையேனும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2.5 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், அந்த எண்ணை எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு வருவோம். வயிற்று ஸ்கேன் சிறுநீரகத்தைப் பார்க்கும். மூட்டு அழற்சி அதில் தெரியாது. அழற்சி முதுகுவலிக்கு முக்கியக் காரணமான அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு மூட்டு நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இரு மூட்டுகளை. முதுகுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் அவை சரியாக விழாமல் போகலாம். விழுந்தாலும், எலும்பில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த மூட்டுகளுக்கென்றே எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதற்கு முன்பே அழற்சியைக் காட்டிவிடக்கூடும். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள் உதவும் என்றாலும், நோய் இருக்கும்போதே அவை சரியாக இருப்பதும் உண்டு. எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் சிலர் தாமாகவே செய்துகொண்டு அஞ்சுகிறார்கள். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மரபணு இருக்கும்; ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அந்த நோய் வருவதில்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நோய் நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை உண்டு, வேலூர் சி.எம்.சி.யிலும் புதுவை ஜிப்மரிலும் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் கோவையிலும் இத்துறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். போவதற்கு முன் இரண்டு வாரங்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எழுந்தபின் இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். கண் சிவந்து வலித்தது, குதிகால் வலி, தோலில் செதிள் உதிரும் படை, நாட்பட்ட வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கோ உங்கள் இரத்த உறவினருக்கோ இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முதுகுவலிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். இந்த நோயில் உண்டு.

நோய் உறுதியானால் சிகிச்சை இருக்கிறது. அன்றாட உடற்பயிற்சியும், மருத்துவர் அளவு குறித்துத் தரும் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளும் பலருக்குப் போதுமானவை. அவற்றால் கட்டுப்படாதவர்களுக்கு உயிரியல் மருந்துகள் எனப்படும் ஊசிகள் உள்ளன. உடலில் மறைந்திருக்கும் காசநோயை அவை கிளப்பிவிடக்கூடும் என்பதால் அதற்கான பரிசோதனை செய்த பிறகே தொடங்குவார்கள். புகைப்பழக்கம் இருந்தால் அது முதுகெலும்பு இறுகிப்போவதை விரைவுபடுத்தும். மருத்துவரைப் பார்க்கும்வரை மருந்துக்கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. உறையில்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரப்படும் கலவை மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனக்கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றரை ஆண்டு காலம் விடியற்காலை உறக்கத்தை இழந்தவருக்கு மனம் சோர்வதும், வலியைத் தாங்கும் திறன் குறைவதும் எதிர்பார்க்கக் கூடியவையே. அவை இந்த வலியால் விளைந்தவை. அவற்றையே வலிக்குக் காரணம் என்று திருப்பிச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீட்டாரிடம் இந்தப் பதிலைக் காட்டலாம்.

கேள்வி: வயது 57, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று வாரங்களாக இடது விலாவிலிருந்து முதுகு வரை ஒரு பட்டைபோல எரிகிறது. இரவில் பனியன் உரசினாலே தாங்க முடியவில்லை. வயிற்று ஸ்கேன், இதயப் பரிசோதனை இரண்டிலும் குறை இல்லை. தோலில் கொப்புளம் எதுவும் இல்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: துணி உரசினாலே எரிவது, வலி உள்ளுறுப்பிலிருந்து வராமல் நரம்பிலிருந்து வருகிறது என்பதற்கான நல்ல அடையாளம். அக்கியில் கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே எரிச்சல் வரும். ஆனால் மூன்று வாரங்கள் கடந்தும் தோலில் ஒன்றும் இல்லை என்பதால், சர்க்கரை நோய் விலா நரம்பு ஒன்றைத் தாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கால் எரிச்சலைச் சர்க்கரையோடு எளிதில் சேர்த்துப் பார்க்கும் நாம், விலா எரிச்சலை மட்டும் வயிற்றுக்கும் இதயத்துக்கும் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கிறோம். இந்தப் பாதிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே குறையும்; அதுவரை உறங்குவதற்கு நரம்பு வலிக்கான மருந்துகள் உள்ளன. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 66. இரவில் முதுகு வலிக்கிறது என்பதால், கெட்டியான தரைதான் முதுகுக்கு நல்லது என்று சொல்லி மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பாயில் படுக்கச் செய்திருக்கிறோம். வலி கூடியிருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த நம்பிக்கை மிகப் பழையது, மருத்துவர்களே நெடுங்காலம் இதைச் சொல்லி வந்தோம். ஸ்பெயினில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரிடம் நடத்தி 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே 90 நாட்களில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையும் கூடாது, வெறும் தரையும் வேண்டாம். மெத்தையை உடனே திரும்பப் போடுங்கள். தரையிலிருந்து எழுவதே இந்த வயதில் முதுகுக்கும் முழங்காலுக்கும் ஒரு சுமை.

ஆனால் 50 வயதைக் கடந்தபின் புதிதாகத் தொடங்கிய இரவு வலிக்கு மெத்தையை மட்டும் பார்த்தால் போதாது. எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்பதை ஒரு எக்ஸ்ரேயிலும், வைட்டமின் டி குறைவை இரத்தப் பரிசோதனையிலும் பார்க்க வேண்டும். மாலை நேரக் காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்திருத்தல், படுத்தாலும் நடந்தாலும் ஒரே மாதிரி விடாத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிய நோய் அன்று. கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஒருக்களித்துப் படுக்கும்போது இரு முழங்கால்களுக்கும் இடையில் ஒரு தலையணையும், மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையும் வையுங்கள். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்புச் சவ்வுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் நம் உயரம் மாலையைவிடச் சற்றுக் கூடுதல். எழுந்தவுடன் குனிந்தால் அந்தச் சவ்வுகள் மீது அழுத்தம் அதிகமாக விழும் என்பதால், பக்கவாட்டில் புரண்டு கையூன்றி எழச் சொல்லுங்கள். வாசல் பெருக்கிக் கோலம் போடுவதை முதல் ஒரு மணி நேரம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.