பாங்காக்கில் ஒன்றரை நாள்: கோயிலா, அருங்காட்சியகமா?

ஒன்றரை நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, கோயில்களுக்குப் போவதா தேசிய அருங்காட்சியகத்துக்கா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போவது திங்கள், செவ்வாய் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த இரண்டு நாளும் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

எந்த நாளானாலும் நான் கோயிலைத்தான் சொல்வேன். மரகத புத்தர் கோயில் மன்னரின் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) வளாகத்துக்குள்தான் இருக்கிறது, காலை எட்டரைக்கு அரண்மனை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். மரகத புத்தர் 66 செ.மீ. உயரம்தான், மேலே தூரத்தில் இருப்பார். நிறையப் பேர் அதோடு கிளம்பிவிடுகிறார்கள், பாவம், சுற்றுப் பிராகாரத்தில் 178 ஓவியங்களாக ராமகியென், அதாவது தாய்லாந்து ராமாயணம் முழுக்க இருப்பதை விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்குக் கதை தெரியும், வழிகாட்டியே தேவையில்லை. அனுமன் கடல்கன்னியைக் காதலிக்கும் கதைக்கு மட்டும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் பக்கத்திலேயே வாட் போ (வாட் என்றால் கோயில்). படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர், பாதங்களில் சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள், முதுகுப் பக்கம் வரிசையாக 108 கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் சில்லறை போட்டுக்கொண்டே நடப்பார்கள், அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வாட் அருண் கோயிலின் படிகள் செங்குத்து, அம்மாவை ஏற்றாதீர்கள், இக்கரையில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

மீதி அரை நாளுக்கு சீலோம் பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது, இன்று தாய்லாந்துக்காரர்களே மாலையோடு வந்து கும்பிடுகிறார்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வாசலில் யாராவது ‘இன்று அரண்மனை மூடல்’ என்று சொல்லி டுக்டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) ஏறச் சொன்னால் நம்பாதீர்கள், நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போங்கள்.