அம்மா யாருக்காக நடக்க வேண்டும்?

அன்புள்ள அண்ணன்,

அம்மாவுக்கு 63 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 28 வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்போது டவுனில் தாமான் வீட்டில் இருக்கிறோம். இனிப்புநீர் இருப்பதால் கிளினிக்கில் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார்கள். காலடி எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் நடந்தால் ஐந்து வெள்ளி என்று பேரமும் பேசினேன். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்றார்கள். மூன்று வாரம் திடலைச் சுற்றினார். காசை நிறுத்தினேன், நடையும் நின்றது. "நடந்து நடந்துதானே கால் தேய்ஞ்சது, இன்னும் யாருக்குடா நடக்கணும்?" என்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும், பழைய லயத்துத் தோழியோடு, கார் வேண்டாம் என்று நடந்தே போகிறார். இது சோம்பலா, பிடிவாதமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

28 வருஷம் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்றவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நடந்ததெல்லாம் வேலை வாங்கும் தண்டலின் சொல்லுக்கு நடந்த நடை. இப்போது டாக்டர் சொல்கிறார், மகன் சொல்கிறார், போதாததற்குக் கையில் கட்டிய கடிகாரமும் சொல்கிறது. அம்மா கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் சீகர் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறார். 40 முதல் 60 வயதுவரையுள்ள, வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி அவர் குழு செய்த ஆய்வு 2011இல் வந்தது. எடை குறைய, உடம்பு கெடாமலிருக்க என்று உடற்பயிற்சி செய்தவர்களைவிட, அன்றாடப் பொழுது நன்றாகப் போக வேண்டும் என்று செய்தவர்களே அதிகம் செய்தார்கள். அவர்கள் நோயில்லாத அமெரிக்கப் பெண்கள். நம் தோட்டத்து அம்மாக்களுக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. இருந்தாலும் எனக்கு இது புரிகிறது. நடந்த பலன் ரத்தப் பரிசோதனையில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். தோழியோடு ஊர்க்கதை பேசிய சுகம் வீடு திரும்புவதற்குள் கிடைத்துவிடுகிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர், கல்லூரி மாணவர்களிடம் சுவாரசியமான புதிர்க்கட்டைகளைக் கொடுத்தார். ஒரு சாராருக்கு, போட்டு முடித்த புதிருக்கு ஒரு டாலர். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தக் கட்டைகளைத் தொடுவது முன்பைவிடக் குறைந்துபோனது. உங்கள் அம்மாவுக்குத் திடலைச் சுற்றுவதில் முதலிலிருந்தே பிரியம் இல்லை, அதனால் அங்கே பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. நல்லவேளை, கோயில் நடைக்கு நீங்கள் காசு பேசவில்லை!

அந்த 21 நாள் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

ஆகவே திடலை விடுங்கள். செவ்வாய்க்கிழமையும் கோயிலுக்குப் போகலாமா என்று அந்தத் தோழியே அம்மாவைக் கேட்கட்டும். நீங்கள் கேட்டால் அது மறுபடியும் பிரட்டு ஆகிவிடும். காய்கறிக்கடைக்கு நடக்கிறேன் என்றால் காரை எடுக்காதீர்கள்.

அப்புறம், கடிகாரத்துக்குப் பதில் நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். இனிப்புநீர் இருப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போய்ப் புண் இருப்பதே தெரியாமல் போகலாம். கோயிலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்ததும் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.